நாவுக்கரசர் நாணம்

சங்கரன்கோவிலில் அருள்மிகு சங்கரநாராயணர் கோயிற் புற்றுமண்ணைத் தோல்நோயுடையார் தம் மேனியிற் பூசிக்கொள்ளுதல் நெடுங்கால வழக்கு. ஆடித்தபசுக் காலத்தில் அங்ஙனம் வருவார் பலர். அவருள் நோய் தீர்ந்த பின்னரும் மேலாடையை இழுத்துப் போர்த்துக்கொண்டே சந்நிதியில் நிற்பாரும் உளர். நோய் வேறு, நோயால் வந்த நாணம் வேறு; முன்னது நீங்கினமையாற் பின்னது தானே நீங்காது. திருநாவுக்கரசர் வரலாற்றைப் பெரியபுராணத்துட் பயில்வார் பெரும்பாலும் கருதாது விடுவது இவ்வேறுபாடேயாம்.

திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார் சமண் சார்ந்து தருமசேனர் எனத் தலைமை பெற்றதும், சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திலகவதியாரை அடைந்ததும் யாவரும் அறிவர். அவர் அடைந்தவாறு உற்று நோக்கற்பாலது. பாயும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெண்புடைவை போர்த்து, பிறர் காணாதபடி இரவில் வந்தார் என்கின்றார் சேக்கிழார். நோயின் வருத்தம் ஒன்றே ஆயின் இரவு வேண்டா. இருளை நாடியது நாணமே. திருநீறு பெற்றார், திருவதிகையிற் பதிகம் பாடச் சூலை ஒழிந்தது, நாவுக்கரசு என்னும் பெயரும் அருளப்பட்டது.

இவ்வளவில் எல்லாம் முற்றிற்றென்று கொள்வாருளர். அது பொருந்தாது. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லொடு கடலிற் பாய்ச்சியதும் ஆகிய இடர்களை வென்று, பல்லவனும் சைவனான பின்னரன்றே, அவர் திருத்தூங்கானைமாடத்தை அடைகின்றார்? அங்கே அவர் வேண்டுவது யாது? முன்னைச் சமயத்தொடு தொடக்குண்டு வந்த இவ்வுடம்பொடு வாழத் தரியேன், இதன்மேல் நும் இலச்சினையைப் பொறித்தருள வேண்டும் என்பதே. உலகறிய வென்ற ஒருவர் உள்ளத்துள் உடம்பைப் பற்றிய கூச்சம் அந்நாள்காறும் கிடந்தது. இதனைப் பணிவுரை என்று தள்ளுவார் சேக்கிழாரின் வைப்புமுறையை அறியாதவரே. பிறசமயத்தாரை இகழ்தற்கு இவ்விடத்தைக் கருவியாக்குவாரும் உளர். அடிகள் நொந்துகொண்டது தம் உடம்பையே என்பதை அவர் மறந்தனர்.

சிவபூதம் ஒன்று சூலமும் இடபமும் திருத்தோளிற் சாத்தியது. அருகிருந்தார் ஒருவரும் அறியாமே சாத்தியது என்பது புராணம். இதனைப் புனைவு என்று கடந்து போதல் கூடாது. ஒருவரும் காணாமே வந்தவர்க்கு அருளும் ஒருவரும் அறியாமே வந்தது. நாணியவனை நாற்சந்தியில் நிறுத்தித் தேற்றுதல் இறைவன் செயலன்று. சூலையாற் பற்றியவன் சூலத்தாற் குறியிட்டான் என்பதும் நினையத்தக்கது.

இனி, நாணம் நற்குணமன்றோ, அதனை நீக்குதல் அருளாமோ என்று வினாவலாம். திருக்குறளில் நாணுடைமை 102ஆம் அதிகாரமாகப் போற்றப்படுவது உண்மையே. ஆயின் அது பழி செய்ய அஞ்சும் நாண், செய்யாமற் காப்பது. கழிந்ததனை எண்ணி ஒடுங்கும் நாணமோ உயிரைத் தன்பாலே திருப்பி அடைப்பது. பெருங்காயம் எடுத்த பின்னும் பாண்டத்தில் நாறும் மணம்போல் நிற்கும் வாசனாமலத்தின் பாற்பட்டது அது எனக் கொள்ளுதலே சித்தாந்தத்துக்கு இயைவதாம். சிவஞானபோதத்து ஒன்பதாஞ் சூத்திரம் திருவைந்தெழுத்தை விதித்தது இவ்வாசனை நீங்கற்பொருட்டே. எட்டாஞ் சூத்திரமோ, வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரனைப்போல ஐம்புலவேடரிடை அயர்ந்த உயிரைக் குரு தெளிவித்தலைக் கூறும். அக்குமரனைத் தந்தை, வேடரொடு இருந்தாயே என்று கடியவில்லை. நீ என் மகன் என்றான்.

பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யடியாரது வேடத்தை அரன் எனவே தொழுக என்கின்றது. வாழத் தரியேன் என்று நாவரசர் வெறுத்த அவ்வுடம்பே, இலச்சினை பெற்ற பின்னர்த் தொழப்படும் திருவேடமாயிற்று. அச்சூத்திரம் செய்த மெய்கண்டார் தோன்றியதும் திருத்தூங்கானைமாடம் அமைந்த பெண்ணாகடத்திலேயே. புராணம் வாசிப்போர் தில்லைக்கு விரைதலின் அவ்வூரில் நில்லாது செல்கின்றனர்.