உதறும் வண்டியும் ஸ்கேனர் சீட்டும்

திருமுக்கூடலிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து பழைய சீவரம் போகும் வழி, செகண்ட்ஸ் ஆட்டோமேட்டிக் காரைச் சோதிக்கத் தோதான இடம். ஜல்லி ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் வண்டி மாறி மாறித் தடுமாறும் அந்த வேகத்தில், நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது தெரியாத உதறல் தெரிந்துவிடும். ஆனால் கார் கன்சல்டிங்குகளில் இன்று இந்த ஓட்டத்தைவிட வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனருக்குத்தான் மதிப்பு. "ஸ்கேன் போட்டாச்சு, எரர் கோட் எதுவும் இல்லை, கியர்பாக்ஸ் சுத்தம்" என்ற ஒரு வாக்கியத்தில் பல லட்ச ரூபாய் கைமாறுகிறது.

ஸ்கேனரால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது பரவலாவதற்கு முன், வண்டி குலுங்கினாலே "கியர்பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்பு எழுதிய பட்டறைகள் உண்டு. உண்மையில் குலுக்கலுக்குக் காரணம் பல நேரம் கியர்பாக்ஸ் அல்ல, இன்ஜினில் ஒரு சிலிண்டர் மிஸ் ஆவதுதான். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஸ்பார்க் பிளக்கையோ காயிலையோ மாற்றினால் தீர வேண்டிய கோளாறுக்காகக் கியர்பாக்ஸையே இறக்கும் கொடுமையை அந்த ஐந்து எழுத்து தடுத்திருக்கிறது.

சிக்கல், எரர் கோட் இல்லாததையே நற்சான்றாக்கியதில்தான். கைப்பேசியோடு இணையும் மலிவான ப்ளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கணினியை மட்டுமே படிக்கின்றன. கியர்பாக்ஸுக்குத் தனிக் கணினி இருக்கும் வண்டிகளில் அதை அவை தொடுவதே இல்லை. தொட்டாலும், தேய்மானம் எல்லாவற்றையும் கணினி அறிவதில்லை. கிளட்ச் உதறல் பல நேரம் எந்த எரர் கோடையும் எழுப்பாது.

நம் பக்கத்து மறைமலை நகரிலேயே உருவான வண்டியைப் பார்க்கலாம். 2013இல் வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டின் 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் 'பவர்ஷிஃப்ட்' என்ற இரட்டை உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் இருந்தது. எண்ணெயில் நனையாத கிளட்ச் என்பதால் ஊர்ந்து போகும் நெரிசலில் அது சூடேறும். அதே வகைக் கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோக்கஸ், ஈக்கோஸ்போர்ட் வண்டிகளின் உதறல் பற்றி ஆஸ்திரேலியாவில் புகார்கள் குவிந்தன. உங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்று வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லப்பட்டது. புகார்களை நியாயமற்ற முறையில் கையாண்டதற்காக 2018இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இங்கே 2017இல் வந்த புதிய ஈக்கோஸ்போர்ட்டில் பவர்ஷிஃப்டுக்குப் பதில் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் இடம்பெற்றது. ஆகவே ஆண்டு பார்க்காமல் "ஈக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்" என்று பொதுவாக நல்லதோ கெட்டதோ சொல்வது அர்த்தமற்றது.

ஓட்டிப் பார்க்கும் பழைய முறையின் பலம் இங்கேதான் தெரிகிறது. உதறல் எப்போது வருகிறது என்பதைக் கையும் காலும் போல எந்தக் கருவியும் சொல்லாது. டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் அறுபது, எழுபதில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி போகும்போது, வரிவரியான வேகத்தடைமேல் ஓடுவது போல நடுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளில்லாத சாலையில் ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை மெல்லத் தொட்டால் போதும். டார்க் கன்வெர்ட்டரைப் பூட்டும் லாக்கப் கிளட்ச் விடுபட்டு நடுக்கம் நின்றுவிட்டால் கோளாறு அங்கே. நிற்காமல், அழுத்தி மிதித்தால் கூடினால் இன்ஜினைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் டி-யில் அதிர்ந்து நியூட்ரலில் அடங்கினால் முதல் சந்தேகம் இன்ஜின் மவுண்டிங் மேல்.

ஆனால் கையின் அனுபவம் எல்லாக் கியர்பாக்ஸுக்கும் பொருந்தாது. மாருதி செலேரியோ மூலம் 2014இல் சிறு கார்களில் பரவத் தொடங்கிய ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் தானே இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ், கியர் மாறும்போது சற்றே தயங்குவது அதன் இயல்பு. அதைக் கோளாறு என்று கருதி கிளட்சை மாற்றுகிறார்கள். மாற்றியபின் கணினிக்குப் புது கிளட்சைப் பழக்கும் வேலையை விட்டுவிட்டால், இல்லாத உதறல் உண்மையிலேயே வந்துவிடும்.

எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது கூலி வாங்கும் முறை. ஸ்கேன் இலவசம், ஓட்டிப் பார்ப்பதும் இலவசம், பாகம் மாற்றினால்தான் காசு. பிறகு கண்டறிதல் எப்படி நேர்மையாக இருக்கும்? திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையைச் சொல்கிறது. அங்கே மருத்துவருக்குத் தனி ஊதியம், அறுவை செய்பவருக்குத் தனி ஊதியம். நம் பட்டறைகளிலும் கோளாறு கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி வாங்கட்டும், நாமும் முகம் சுளிக்காமல் கொடுப்போம்.

அந்தக் கூலிக்குத் தரும் சீட்டில் எந்தெந்தக் கணினிகள் படிக்கப்பட்டன, வண்டி குளிர்ந்திருந்ததா சூடாக இருந்ததா என்பவை இருக்க வேண்டும். எரர் கோட் கடைசியாக அழிக்கப்பட்டபின் ஓடிய தூரமும் இருக்க வேண்டும். பல வண்டிகளில் ஸ்கேனரே இதைக் காட்டும். 60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அது வெறும் 12 என்று வந்தால், விலை பேசுவதற்கு முன் அழித்தது எந்தக் கோட் என்று விற்பவரிடம் கேட்கலாம்.