ரமணரின் கையும் டி.என்.எஃப். மரபணுவும்

1949 பிப்ரவரியில் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்கு அருகே இருந்த சிறு கட்டியை மருத்துவர்கள் அறுத்து எடுத்தார்கள். அது மீண்டும் வளர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கு அறுவைகள், நடுவே ரேடியம் சிகிச்சை. சார்கோமா என்று தெரிந்தபின் கையையே எடுத்துவிடலாம் என்றார்கள், அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் அவர் மறைந்தார். கை, கால்களில் வரும் அந்த வகைப் புற்றுக்கு, உறுப்பை வெட்டாமல் காக்கவென்றே ஒரு மருந்து 1999 முதல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றிருக்கிறது. அது நம் உடலே சுரக்கும் டி.என்.எஃப். என்ற சைட்டோகைன், அதாவது அணுக்களிடையே செய்தி கடத்தும் புரதம். அதற்கான மரபணு ஆறாம் குரோமோசோமில் இருக்கிறது. புற்றின் பகைவன் என்று இதைக் கொண்டாடியவர்களும் உண்டு, மூட்டை அரிக்கும் வில்லன் என்று தூற்றியவர்களும் உண்டு. இரு கட்சிக்கும் சான்று இருக்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்பதுதான் கேள்வி.

கொண்டாட்டத்தின் வேர் பழையது. 1890களில் நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, சார்கோமா நோயாளிகளுக்கு வேண்டுமென்றே பாக்டீரியாவைச் செலுத்தினார். கடும் காய்ச்சல் வந்தது. சிலருக்குக் கட்டி கரைந்தது. ஏன் என்பதற்கு 1975வரை தெளிவான விடை இல்லை. அந்த ஆண்டு லாயிட் ஓல்டின் குழு, பி.சி.ஜி. போட்ட எலிகளுக்கு பாக்டீரியா நச்சைக் கொடுத்து, அவற்றின் ரத்தநீரில் கட்டியை அழிக்கும் பொருள் ஒன்று இருப்பதைக் காட்டியது. 1984ல் மரபணு கையில் கிடைத்தது. மறு ஆண்டே உற்சாகத்தில் தண்ணீர் விழுந்தது. நாள்பட்ட நோயில் உடலை உருக்கி எலும்பும் தோலுமாக்கும் பொருள் என்று வேறொரு குழு தேடிக்கொண்டிருந்ததும் இதே புரதம்தான். ரத்தக்குழாய் வழியாக ஏற்றிப் பார்த்த புற்று நோயாளிகளுக்கு, கட்டியைத் தொடும் அளவை எட்டுமுன்பே ரத்த அழுத்தம் சரிந்தது.

எனவே ஒரு குறுக்குவழி கண்டார்கள். நோயுள்ள கையின் ரத்த ஓட்டத்தை உடலிலிருந்து பிரித்து, இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைத்து, அந்த வட்டத்துக்குள் மட்டும் டி.என்.எஃப்.பையும் மெல்ஃபலான் என்ற புற்றுமருந்தையும் ஓடவிடுவது. உடல் முழுவதும் தாங்கக்கூடிய அளவைப்போல் சுமார் 10 மடங்கு அங்கே செல்லும். கட்டியின் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்க, மெல்ஃபலான் உள்ளே புகும்; பிறகு அந்தக் குழாய்களே சிதையும். 1996ல் வெளியான ஐரோப்பிய அறிக்கையில் 186 நோயாளிகளில் 82 சதவீதம் பேருக்கு உறுப்பு காப்பாற்றப்பட்டது.

எண் கவர்ச்சியானது, ஆனால் ஒப்பிட எதிர்க்குழு இல்லை. டி.என்.எஃப். இல்லாமல் மெல்ஃபலானை மட்டும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மெலனோமாவில் அப்படி ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2006ல் வந்தது: டி.என்.எஃப். சேர்த்ததால் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் இல்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. பிரெஞ்சு ஆய்வொன்றில் அளவை எட்டில் ஒரு பங்காக்கியபோதும் சார்கோமா ஏறத்தாழ அதே போலத்தான் சுருங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பாற்றப்பட்டது உறுப்பு. ஆயுள் நீண்டதாக நிரூபணம் இல்லை. ரமணருக்கு இது கிடைத்திருந்தால் கை பிழைத்திருக்கலாம். உயிரும் பிழைத்திருக்கும் என்று சொல்பவர் சான்றைத் தாண்டிப் பேசுகிறார்.

மரபணுவின் எழுத்து மாற்றங்களைப் பிடித்துக்கொண்டு நோயைக் கணிக்கும் ஆசையும் இருந்தது. மரபணுவின் முன்பகுதியில் 308ஆம் இடத்தில் ஒரு மாற்றம்: வங்காளத்தில் 1997ல் அது கடுந்தொழுநோயோடு சேர்ந்து காணப்பட்டது, 2000ல் பிரேசிலில் அதே மாற்றம் தொழுநோயிலிருந்து காப்பதாகத் தெரிந்தது. இந்த மரபணு, நோயெதிர்ப்பை ஆளும் எச்.எல்.ஏ. மரபணுக்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் செய்ததை இதன் தலையில் கட்டியிருக்க முழு வாய்ப்புண்டு. இதை வைத்து ஒருவருக்கு நோய்ஜாதகம் கணிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

தூற்றியவர்கள் பக்கம் சான்று வலுவானது. முடக்குவாதத்தில் டி.என்.எஃப்.பை மறித்தால் வீக்கம் அடங்குகிறது என்பதை லண்டனில் ஃபெல்ட்மனும் மைனியும் காட்டினார்கள். எழுந்து நடக்க முடியாதவர்கள் நடந்தார்கள், இதில் ஐயமில்லை. ஆனால் 2001ல் ஜோசப் கீனின் குழு ஒரு பட்டியலை வெளியிட்டது: டி.என்.எஃப்.பை மறிக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் மருந்தை எடுத்தபின் காசநோய் வந்த 70 பேர். பெரும்பாலோருக்கு மூன்று ஊசிகளுக்குள்ளேயே. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியே.

இந்த மரபணுவின் தலையாய வேலை இங்கேதான் தெரிகிறது. காசநோய்க் கிருமியை விழுங்கிய அணுக்களை முடுக்கிவிட்டு, சுற்றிலும் கிரானுலோமா என்ற சிறையைக் கட்டிக் காப்பது டி.என்.எஃப். அதை மறித்தால் பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த கிருமி வெளியேறுகிறது. அளவு மிஞ்சினாலும் ஆபத்துதான்: விழுங்கிய அணு தானே செத்து, கிருமியை வெளியே கொட்டுகிறது என்று வரிக்குதிரை மீன்களில் 2013ல் காட்டியவர் லலிதா ராமகிருஷ்ணன்.

ஆகவே என் தீர்ப்பு இது. புற்றுமருந்தாக டி.என்.எஃப்.புக்கு, அடைத்த உறுப்புக்குள் மட்டும், சிறிய இடம். காசநோய்க் காவலனாக அதற்கு முதலிடம். நம் மண்ணில் இந்தப் பணியே மற்றெல்லாவற்றையும்விட எடை கூடியது. டி.என்.எஃப்.பை மறிக்கும் மருந்துகளும் தேவை. 2014ல் அவற்றில் ஒன்றான அடாலிமுமாபின் உள்நாட்டு நகல் சந்தைக்கு வந்தபின் விலையும் குறைந்திருக்கிறது. ஆனால் திருவண்ணாமலையில் முடக்குவாதத்தோடு வாழும் ஒருவரை ஐரோப்பிய நோயாளியைப்போல் எடைபோட முடியாது. முதல் ஊசிக்கு முன்பே மார்பு எக்ஸ்ரேயும் மாண்டூ தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனையும் வேண்டும். மறைந்த தொற்று இருந்தால் தடுப்பு மாத்திரை தொடங்கியாக வேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவருக்கு இந்தச் சோதனைகள் பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். சிகிச்சை நடக்கும்போது காய்ச்சலோ எடைக் குறைவோ வந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பாமல், கழுத்துக் கட்டியையும் வயிற்றையும் முதுகெலும்பையும் தேடிப் பார்க்க வேண்டும்.