எண்ணிக்கை சொன்னால் போதுமா?

மன்னார் வளைகுடாவைப் பற்றிய அறிவியல் சொற்பொழிவு எதையேனும் நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் 3,600 என்ற எண் உங்கள் காதில் விழுந்திருக்கும். இவ்வளைகுடாவில் 3,600 வகை உயிரினங்கள் உள்ளன, 21 தீவுகள் உள்ளன, 1986-இல் இது கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று என்று பேச்சு தொடங்கும். பிறகு விளக்கை அணைத்து வண்ணப் படங்கள் காட்டுவார்கள். கைதட்டலுடன் கூட்டம் கலையும்.

இத்தகைய பேச்சுகள் நமக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. பலனோகிளாசஸ் என்ற பெயரை மனப்பாடம் செய்யும் விலங்கியல் மாணவர், அதே குடும்பத்துப் புழு ஒன்று நம் குருசடைத் தீவின் மணலில் வாழ்கிறது என்பதை இத்தகைய கூட்டத்தில்தான் முதன்முதலாகக் கேட்கிறார். அது நல்ல செய்திதானே!

ஆனால் அந்த 3,600 என்பது என்ன? பல ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கண்டு பதிவு செய்தவற்றின் கூட்டுத்தொகை அது. ஓர் உயிரினம் அருகிப் போனாலும் பட்டியலிலிருந்து அதன் பெயர் உதிர்வதில்லை. தீவுகளின் கணக்கும் அப்படித்தான். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததால் அலைகளைத் தடுக்கும் அரண் போயிற்று. 2 தீவுகள் நீருக்குள் மூழ்கின. மேடையிலோ இன்னும் 21 தான்!

கடற்கரை ஊர் ஒன்றில் நான் கேட்ட பேச்சைச் சொல்கிறேன். படங்கள் முடிந்ததும் ஒரு மீனவர் எழுந்தார்.

“ஐயா, 2001-லேருந்து கடல் அட்டையைத் தொட்டாலே கேஸு. அந்தப் பக்கம் இலங்கையிலே லைசென்சு குடுத்து எடுக்க விடுறாங்க. ரெண்டும் ஒரே கடல்தானே?”

“சட்டத்தை மதிக்க வேண்டும்” என்றார் பேச்சாளர். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

கூட்டத்திலேயே சிறந்த கேள்வி அது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. கடல் அட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருள்களைச் செரித்து, மணலை வெளியேற்றுகிறது. நிலத்தில் மண்புழு செய்யும் வேலையைப் போன்றது இது. ஆண் அட்டை விந்தையும் பெண் அட்டை முட்டையையும் நீரில் விடுகின்றன. அவை நெருங்கி இருந்தால்தான் விந்தும் முட்டையும் சேரும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குறைந்துவிட்டால், பிடிப்பதை நிறுத்திய பிறகும் அவை எளிதில் பெருகா. தடைக்கு ஆதரவான நியாயம் இதுதான். அதே நேரத்தில், கடலடியில் இப்போது எத்தனை அட்டைகள் உள்ளன என்று அவ்வப்போது எண்ணிப் பார்க்காமல் தடையை நீட்டுவதும் சரியாகாது, நீக்குவதும் சரியாகாது. பிழைப்பை இழந்தவருக்கு இவ்விரண்டையும் விளக்கியிருக்க வேண்டாமா?

இன்னொரு குறை, சொற்கள். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் விலங்கைப் பேச்சாளர் கடைசிவரை ‘டுகாங்’ என்றே சொன்னார். அது மேயும் கடற்புல்லைப் பாசி என்றார். கடற்புல்லுக்கு வேருண்டு, பூவுண்டு. பாசிக்கு இரண்டும் இல்லை. எதிரே அமர்ந்திருந்தவர்களில் பாசி எடுக்கும் பெண்களும் இருந்தனர். அவர்கள் சிரித்ததை அவர் கவனிக்கவில்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் அவசியம் போங்கள். 3,600 என்ற எண் வந்ததும், அதில் எத்தனை வகைகளை அண்மையில் மீண்டும் தேடிப் பார்த்தார்கள் என்று எழுந்து கேளுங்கள்.