ஏழாவது குழியில் காற்று

கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கோல்ஃப் மைதானத்தில் ஏழாவது குழியை வரைபடத்தில் பார்த்தால், சிறுவர்களுக்காக வெட்டியதோ என்று தோன்றும். முதல் அடியை அடிக்கும் டீயிலிருந்து குழி வரை 110 கெஜம்கூட இல்லை. டீ மேட்டில் இருக்கிறது. கீழே கடலுக்குள் நீண்ட ஒரு பாறை மூக்கு. அதன் நுனியில், பங்கர் என்னும் மணல்பள்ளங்கள் சூழ, ஒரு வீட்டு மொட்டைமாடி அளவுக்கு, குழியைச் சுற்றிய புல்தளமான க்ரீன். அதற்கப்பால் பசிபிக். காற்றில்லாத காலையில் வெட்ஜ் மட்டையால் மெல்லத் தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. 1992 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் காற்று பேயாய் அடித்தபோது, டாம் கைட் இங்கே ஆறாம் எண் அயர்னை எடுத்தார். சாதாரண நாளில் அவரைப் போன்றவர்கள் 170 கெஜத்துக்கு எடுக்கும் மட்டை அது. அப்படியும் பந்து க்ரீனுக்கு இடப்புறம் தள்ளிப்போய் விழுந்தது. அங்கிருந்து அவர் சிப் செய்த பந்து நேரே குழிக்குள் போனது. பட்டமும் அவருக்கே.

கடலோர கோல்ஃபை நான் மதிப்பதற்கான காரணம் முழுவதும் இந்த ஒரு குழியில் இருக்கிறது. மைதானத்தின் நீளத்தை நம்பி ஆட்டத்தைக் கடினமாக்குவது எளிது. இன்னும் 50 கெஜம் பின்னால் தள்ளி ஒரு டீ போட்டால் போதும். ஆனால் காலையில் ஒரு கேள்வியும் மதியத்தில் வேறொரு கேள்வியும் கேட்கும் குழியை மனிதன் தனியாக அமைத்துவிட முடியாது. அதற்குக் கடல் வேண்டும். நம் மீனவர்கள் கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றைப் பேர் சொல்லி அறிவதுபோல, இங்கே ஆடுபவரும் மட்டையைத் தொடுமுன் காற்றை அறிய வேண்டியிருக்கிறது. உடல் பலத்தைவிட அந்த அறிவுக்கே இந்தக் குழியில் மதிப்பு.

இதை 1919இலேயே உணர்ந்து அமைத்தவர்கள் ஜாக் நெவில், டக்ளஸ் கிராண்ட் என்ற இரண்டு அமெச்சூர் ஆட்டக்காரர்கள். அதற்கு முன் அவர்கள் ஒரு மைதானம்கூட வடிவமைத்ததில்லை. கரையோரம் முழுவதையும் வீட்டு மனைகளாகக் கூறுபோடும் திட்டம் அப்போது இருந்தது. சாமுவேல் மோர்ஸ் என்ற நிர்வாகி அதைத் தடுத்து, கரையை ஆட்டத்துக்கு ஒதுக்கச் செய்தார். நெவில் பாதையை எட்டு என்ற எண்போல வளைத்ததால், நான்காவது குழியும், ஆறு முதல் பத்து வரையிலான குழிகளும், கடைசி இரண்டும் கடலை ஒட்டி அமைந்தன. மோர்ஸ் செய்ததை நான் சிறிய நன்மையாகக் கருதவில்லை. மனை போட்டிருந்தால் இன்று அங்கே சுற்றுச்சுவர்கள்தான் இருந்திருக்கும்.

எட்டாவது குழி இன்னும் துணிச்சலானது. முதல் அடி மேட்டை நோக்கி, விழும் இடம் தெரியாமலே அடிப்பது. ஏறிப் போய்ப் பார்த்தால் காலடியில் தரை முடிந்துவிடுகிறது. செங்குத்தான பள்ளம், அடியில் நுரை, எதிர்க்கரையில் உள்ளங்கை போல ஒரு க்ரீன். கோல்ஃப் உலகிலேயே தனக்கு மிகவும் பிடித்த இரண்டாவது அடி இதுதான் என்று ஜாக் நிக்லஸ் சொல்லியிருக்கிறார். நேராகப் பள்ளத்தைத் தாண்டலாம், அல்லது இடப்புறக் கரையோடு சுற்றி ஓர் அடி கூடுதலாகக் கொடுத்துப் போகலாம். வழி இரண்டும் கண்முன் இருக்கின்றன. எது தன் தகுதிக்கு உகந்தது என்று ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

பதினொன்றிலிருந்து பதினாறு வரை மைதானம் கடலை விட்டு உட்பகுதிக்குத் திரும்புகிறது. அந்த ஆறு குழிகளும் மோசமில்லை. ஆனால் வேறு ஊரில் இருந்தால் அவற்றைத் தேடி யாரும் பயணம் போகமாட்டார்கள். புகழுரைகள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. க்ரீன்களில் வளரும் போவா புல்லும் மதியத்துக்குள் விதைத் தலை நீட்டி மேடுபள்ளமாகிவிடும். பிற்பகலில் நேராக உருட்டிய பந்து கடைசி அடியில் துள்ளி விலகுவது திறமைக் குறையால் அல்ல.

பெரிய குறை வேறு. 1972இல் இங்கே அமெரிக்க ஓப்பன் நடந்தபோது, பொதுமக்கள் ஆடக்கூடிய மைதானத்தில் அப்போட்டி நடப்பது அதுவே முதல்முறை என்று கொண்டாடினார்கள். பொது என்ற அந்தச் சொல்லின் இன்றைய விலை, ஒரு சுற்றுக்கு 600 டாலருக்கும் மேல். வெகுநாள் முன்பே இடம் பிடிக்க வேண்டுமானால் அவர்களுடைய விடுதியில் தங்க வேண்டும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கடலோர மணல்வெளி ஊரார் அனைவருக்குமான புறம்போக்கு போன்றது. அங்கே ஊர்மக்கள் ஆடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனமே ஒப்புக்கொள்கிறது. அங்குள்ள ஓல்ட் கோர்ஸ் மைதானத்தின் முதல் குழியையும் பதினெட்டாவதையும் குறுக்கே வெட்டி ஒரு பொதுச்சாலை போகிறது. குழந்தை வண்டியோடு ஒரு தாய் கடந்தால் ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக ஆட்டமே கிடையாது, நாயைக் கூட்டிக்கொண்டு ஊரே அதன்மேல் உலாவும். கட்டணம் அங்கும் குறைவில்லைதான். ஆனாலும் நிலம் யாருடையது என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் பெபிள் பீச்சைப் பாராட்ட வேண்டும். கார்மெல் ஆறு வற்றி, அதில் முட்டையிட வரும் ஸ்டீல்ஹெட் மீன்கள் தவித்த வட்டாரம் அது. 1994 முதல் சுத்திகரித்த கழிவுநீரை அங்குள்ள கோல்ஃப் மைதானங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். அதன் உப்பைப் புல் தாங்காமல் போனபோது, உப்பை நீக்கும் ஏற்பாட்டையும் பின்னர் சேர்த்தார்கள்.

பந்துகளின் கதை அப்படி இல்லை. கார்மெல் கரையோரம் கடலில் முக்குளித்த ஒரு பள்ளி மாணவி, அடியில் தரை தெரியாதபடி வெள்ளைப் பந்துகள் குவிந்து கிடப்பதைக் கண்டார். ஒரு கடலியல் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 2019இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்தக் கரையோரக் கடலிலிருந்து எடுத்த பந்துகள் 50,000க்கும் மேல். கோல்ஃப் பந்து மிதக்காது. அலை அதைப் பாறையில் உருட்டி உருட்டி, அதன் மேலுள்ள சிறு பள்ளங்களைத் தேய்த்து வழவழப்பாக்குகிறது. மேலோடு பொடிப்பொடியாக உதிர்கிறது. பழைய பந்து என்றால், ஓடு பிளந்ததும் உள்ளே சுற்றியிருந்த ரப்பர் இழை நீளநீளமாக அவிழ்ந்து கடற்பாசி போல அசைகிறது. இவ்வளவும் நடப்பது கடல் நீர்நாய்கள் சிப்பி தேடி மூழ்கும் இடத்தில், 1992இலேயே தேசியக் கடல் சரணாலயமாக அறிவித்த நீரில்.

தவறி விழும் பந்தைத் தடுக்க முடியாது. கடலோரம் ஆடுவதன் விலை அது. அதை அவ்வப்போது மூழ்கி எடுப்பது மைதானத்தின் கடமை. எனக்குப் பொறுக்காதது தெரிந்தே அடிக்கும் பந்து. எட்டாவதில் முதல் பந்து பள்ளத்தில் விழுந்தபின், இவ்வளவு கொடுத்து வந்தோமே, தாண்டியே பார்ப்போம் என்று இரண்டாவது, மூன்றாவது பந்தை எடுப்பது ஆட்டமல்ல. அந்த அடியின் அருமையே அதற்கு ஒரே ஒரு வாய்ப்பு என்பதுதான். எட்டாவது குழியின் விளிம்பில் ஆளுக்கு ஒரு பந்து என்று மைதானமே விதி வைக்கலாம். அது விழுந்துவிட்டால், இடப்புறக் கரையோடு சுற்றிப் போகும் வழியை நெவில் 1919இலேயே விட்டுவைத்திருக்கிறார்.