பத்திரம் எழுதும் கூலி

பிறர் பெயரில் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர் என்றால் அரசியல்வாதியின் சுயசரிதையை எழுதித் தருபவர்தான் பலருக்கும் நினைவில் வருவார். திருவெண்ணெய்நல்லூரில் அந்தத் தொழிலைச் செய்கிறவர் பத்திர எழுத்தர். கிரயப் பத்திரம் முழுக்க விற்பவரே பேசுவதுபோல் போகும். எழுதியவர் பெயரும் உரிம எண்ணும் கடைசியில் ஓர் ஓரத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

ஓலை வழக்குக்குப் பேர்போன ஊர் இது. மணப்பந்தலில் சுந்தரரை மறித்த கிழவர் காட்டிய அடிமை ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தார் என்கிறது பெரியபுராணம். கிழிந்தது படி, மூலம் என்னிடம் இருக்கிறது என்றார் கிழவர். வெண்ணெய்நல்லூர் சபை அந்த மூல ஓலையில் இருந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. எழுதியது யார், மூலம் எங்கே என்ற அந்த இரண்டு கேள்விகளுக்கு இலங்கை ஒரு விதமாகவும் நாம் வேறு விதமாகவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். கூலி மாறுபடுவதும் அதனால்தான்.

யாழ்ப்பாணத்தில் காணி விற்க வேண்டுமானால் பத்திரம் எழுதிச் சான்றுறுதி செய்யும் நொத்தாரிசிடம் போக வேண்டும். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிருக்கக் கையெழுத்தாகாத உறுதி, அதாவது பத்திரம், செல்லாது. இன்று சட்டத்தரணிகளே நொத்தாரிசுகளாக இருக்கிறார்கள். உறுதியை வாசித்து விளக்க வேண்டும், ஆளின் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும், ஒரு பிரதியைத் தம்மிடம் காக்க வேண்டும், இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் தண்டனை அவருக்கு. பிற்காலத்தில் அந்த உறுதியைக் குறிப்பிடுவதும் அவர் இட்ட இலக்கத்தையும் அவர் பெயரையும் சொல்லித்தான். பதிவகத்தில் பதிவது முன்னுரிமைக்காக; உறுதிக்கு உயிர் கொடுப்பது நொத்தாரிசின் கையெழுத்து.

இங்கே தலைகீழ். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி கிரயத்துக்கு உயிர் வருவது சார்பதிவாளர் அலுவலகத்தில். எழுதுவதை வழக்கறிஞர் செய்யலாம், உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் செய்யலாம், சொத்துக்காரரே செய்துகொள்ளலாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் மாதிரி ஆவணங்களும் கிடைக்கின்றன. ஆவணத்துக்கு அடையாளம் அலுவலகம் போடும் எண்ணும் ஆண்டும்.

அரசுக்குச் சேரும் பணத்திலும் வேறுபாடு பெரிது. அந்தந்த நாட்டு ரூபாயில் இருபது லட்சத்துக்கு நிலம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: ஒரு லட்சத்து எண்பதாயிரம். 2023-க்கு முன் பதிவுக் கட்டணமே 4 சதவீதம். இலங்கையில் முத்திரைத்தீர்வை முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 79,000. இவ்வளவு கட்டுகிறவரிடம் எழுத்துக்கூலி கேட்டால், அது அந்தத் தொகைக்குள் கரைந்துவிடுகிறது. 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று நம்மூரில் மொத்தமாகப் பேசுவது இதனால்தான். ஆவண எழுத்தர் கட்டணத்துக்கு அரசு விதி உண்டு. ஆனால் அந்த மொத்தத்தில் வில்லங்கச் சான்று போட்டது, டைப் அடித்தது, டோக்கன் எடுத்தது, கூடவே அலைந்தது எல்லாம் இருக்கும். எழுத்துக்கு எவ்வளவு என்று மட்டும் தெரியாது.

இலங்கையிலும் சட்டத்தில் கட்டண அட்டவணை உண்டு. நடைமுறையில் காணியின் பெறுமதியில் இத்தனை வீதம் என்று பேசிக்கொள்கிறார்கள். நேரான காணிக்கு அது அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பழைய உறுதிகளைத் தேடி, யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் பங்காளிகளுக்கு உள்ள முன்கொள்வனவு உரிமையையும் பார்த்துப் பொறுப்பேற்கிறவர் வீதம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் சிலர் 'லட்சத்துக்கு இவ்வளவு' என்று கேட்கத் தொடங்கியிருப்பதுதான் இடிக்கிறது. சொத்தின் மதிப்பில் பங்கு கேட்பவர் பிழையிலும் பங்கு ஏற்க வேண்டாமா?

சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால், நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் புரண்டால், பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார், இறந்தும் போயிருக்கலாம். கூலி பேசும்போதே, தப்பு உங்களுடையதாக இருந்தால் திருத்தல் யார் செலவு என்று கேட்டுவிடுங்கள். என் செலவு என்று சொல்கிறவர் ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கேட்டால் கொடுக்கலாம்.