பத்தாயிரம் சொட்டு சந்தோஷம்

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். வருத்தம் எதுவும் இல்லாமல், காய்ச்சல் இல்லாமல், வயிற்றோட்டம் இல்லாமல், முழுச் சுகத்தோடு, என் சொந்தக் காசைக் கொடுத்து நான் சேலைன் ஏற்றிக்கொண்டேன்! அதுவும் வெறும் சேலைன் இல்லை, விட்டமின் சி, பி வகையறாக்கள், மக்னீசியம் எல்லாம் கலந்து மஞ்சளாக மினுங்குகிற சேலைன். வேலையிடத்தில் சொன்னேன், முடிவெட்டுகிற இடத்தில் சொன்னேன், டொலார்-டெ-ஓர்மோ முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத மனிதருக்கும் சொன்னேன். இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தாலே மனைவி "தொடங்கியாச்சு" என்று எழுந்து போகிறாள்.

நடந்த இடத்தை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதி மயக்கம் அந்த இடத்தால் வந்தது. இல்-பிசார். மொன்றியலின் வடமேற்கு மூலையில் ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கும் குட்டித் தீவு. பியர்ஃபோனிலிருந்து ஜாக்-பிசார் பாலத்தில் ஏறி இறங்கினால் நகரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். 1678-இல் ஆளுநர் ஃப்ரொன்தெனாக் தன் சுவிஸ் அதிகாரி ஜாக் பிசாருக்கு எழுதிக் கொடுத்த தீவு இது. 1873-இல் தொடங்கிய ராயல் மொன்றியல் கோல்ஃப் கிளப்பும் இப்போது இங்கேதான் இருக்கிறது, 2024-இல் பிரசிடென்ட்ஸ் கோப்பைக்கு உலகமே வந்து குவிந்தது. நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் என் மச்சாள் அங்கே ஆற்றங்கரையில் வீடு வாங்கிவிட்டாள், அவள் வீட்டு வரவேற்பறைக்கே ஒரு தாதி வந்து விட்டமின் ஏற்றிவிட்டுப் போகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சத்தியமாக.

ஏன் இந்தத் துள்ளல் என்று கேட்பீர்கள். நம் சனத்துக்குச் சேலைன் என்றால் சும்மாவா? தமிழ்நாட்டில் எந்தச் சின்ன ஊர் கிளினிக்கிலும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், அசதியா இருக்கு" என்று நோயாளியே மருத்துவரிடம் கேட்டு வாங்குவார். அந்த ஐந்து சதவீத குளுக்கோஸில், 500 மில்லிக்கு, இருப்பது 25 கிராம் சீனி, தாராளமாகச் சீனி போடுகிற வீட்டில் இரண்டு பிளேன்டீக்குள் முடிந்துவிடும். இருந்தாலும் பாட்டில் காலியாகும்போது ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார்! யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது சேலைன் ஏற்றினால் அது செய்தி. "ரெண்டு போத்தல் ஏத்தினதாம்" என்று படலைக்குப் படலை சொல்லிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் நான் அந்தக் கட்டிலையும் அந்தக் கம்பியையும் பார்த்து ரகசியமாகப் பொறாமைப்பட்டிருக்கிறேன். நோய் வேண்டாம், போத்தல் மட்டும் வேண்டும்! அந்த ஆசையை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வேன் சொல்லுங்கள்?

இப்போது யோசித்துப் பாருங்கள். பெப்ரவரி. வெளியே மைனஸ் இருபது. வீட்டுச் சூடாக்கி இரவும் பகலும் ஓடி ஓடிக் காற்றில் ஈரம் என்பதே இல்லை, உதடு வெடித்து, மூக்கு காய்ந்து, தொண்டை கரகரத்து, நான் காய்ந்த ஒடியல் மாதிரி மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சேர்கிறேன். யன்னல் ஓரமாக ஒரு சாய்வுச் சோபா. யன்னலுக்கு வெளியே உறைந்த ஆறு, பனியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. சின்னச் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு தாதி வருகிறாள், "பொன்ஷூர்!" என்கிறாள், எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

உடனே ஊசி இல்லை. மருத்துவர் ஒருவர் முன்கூட்டியே காணொளி அழைப்பில் விசாரித்து எழுதிக் கொடுத்திருந்தார், அதை வைத்துக்கொண்டு இவளும் திரும்பக் கேட்கிறாள். சிறுநீரகம் எப்படி? இதயத்தில் ஏதும் பிரச்சினை? என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்? ஜி6பிடி என்ற நொதி குறைவு உண்டா? அது குறைந்தவர்களுக்கு அதிக அளவு விட்டமின் சி ஏற்றினால் சிவப்பணுக்கள் உடையலாமாம். பிரஷர் பார்த்தாள். கொஞ்சம் கூட இருந்தது. "பதற்றமா?" என்று கேட்டாள். பதற்றம் இல்லை அம்மா, ஆனந்தம்! இரண்டாம் முறை பார்த்தபோது சரியாகிவிட்டது.

பிறகு முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டி, ஸ்பிரிட் பஞ்சின் குளிர், அந்த ஆஸ்பத்திரி வாசம், ஒரு சின்னச் சுருக், அவ்வளவுதான். நீல நிறக் கனுலா, ஊசி வெளியே வந்துவிடுகிறது, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மட்டும் உள்ளே. மேலே கண்ணாடி போன்ற ஒட்டு. பையைக் கம்பியில் மாட்டி உருளையைத் தளர்த்துகிறாள், முதல் சொட்டு விழுகிறது, அடுத்தது, அடுத்தது, ஐயோ அந்தக் குளிர்! அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீர் 37 பாகை இரத்தத்துக்குள் போகிறதல்லவா, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு குளிர்ந்த நூல் ஊர்ந்து ஏறுவது தெரிகிறது, கண்ணை மூடினால் எங்கே வந்துவிட்டது என்று விரல் வைத்துக் காட்டலாம், அதற்குள் வாயில் ஒரு சுவை, நான் எதையும் விழுங்கவில்லை, ஆனால் நாக்கின் அடியில் விட்டமின் குளிசை மணக்கிறது, இது எப்படி, எப்படி என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மக்னீசியம் தன் வேலையைக் காட்டுகிறது, நாளங்கள் விரிய விரியக் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இளஞ்சூடு பரவுகிறது, காது மடல் சிவக்கிறது, கால்விரல்கள் தாமாகவே விரிகின்றன, நான் "ஊஊ" என்று ஒரு சத்தம் போட்டேன், தாதி ஓடிவந்து உருளையை இறுக்கி வேகத்தைக் குறைத்தாள், "அத்தான், கையை ஆட்டாதேங்கோ!" என்று மச்சாள் குசினியிலிருந்து கத்தினாள், எனக்கென்றால் சிரிப்பு அடங்கவில்லை. எல்லாம் அமர்ந்த பிறகு சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் குழாயில் ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று தாதி சொன்னாள். 500 மில்லிப் பை. கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்தாயிரம் சொட்டு! பத்தாயிரம் சொட்டும் எனக்கே எனக்கு, ஒரு மணித்தியாலம் நான் எழும்பத் தேவையில்லை, யாரும் என்னிடம் வேலை சொல்ல முடியாது, கையில் குழாய் இருக்கிற மனிதனிடம் குப்பைப் பையை யார் கொண்டுபோய் வைக்கச் சொல்வார்கள்?

இந்தப் பெருமையில் ஒரு படம் எடுத்து ஊரிலுள்ள அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த நிமிடம் அழைப்பு.

"ஐயோ தம்பி, என்ன நடந்தது? எந்த ஆஸ்பத்திரி? ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒண்டுமில்லை அம்மா, சும்மா ஏத்துறன்."

"சும்மாவோ? சேலைனை ஆரும் சும்மா ஏத்துவினமோ?"

"விட்டமின் அம்மா, உடம்புக்கு நல்லது."

"உனக்கு வாய் இருக்குத்தானே? ஜீவனி ஒரு பக்கெட்டைக் கரைச்சுக் குடிச்சாக் காணாதோ? தோடம்பழம் இல்லையோ அங்கை? சரி, எவ்வளவு காசு?"

லைன் கிளியர் இல்லை என்று சொல்லித் தப்பினேன். இருநூறு டொலருக்கு மேல் என்பதை அம்மா இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப்போகிறா. கியூபெக்கின் சூரிய அட்டை, அதாவது அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை, இதற்கெல்லாம் சல்லிக்காசு தராது.

அம்மாவுக்குப் பதில் சொல்வதற்காகவே தேடித் தேடி வாசித்தேன், வாசிக்க வாசிக்கக் காதல் முற்றிவிட்டது. 1832-இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில், கொலராவில் வற்றிப்போய்க் கிடந்தவர்களுக்கு உப்பும் சோடாவும் கலந்த தண்ணீரை தோமஸ் லாட்டா என்ற மருத்துவர் நாளத்துக்குள் செலுத்திப் பார்த்தார். என் சோபாவின் பூட்டன் அந்தக் கட்டில்தான்! விட்டமின் கலவை பால்டிமோர் மருத்துவர் ஜோன் மையர்ஸிடமிருந்து வந்தது. அவர் 1984-இல் இறந்த பிறகு அவருடைய நோயாளிகள் சிலர் இன்னொரு மருத்துவரான அலன் கேபியிடம் வந்து எங்களுக்கு அதே ஊசி வேண்டும் என்று நின்றார்களாம், அவர் 2002-இல் அதைப்பற்றி எழுதினார், "மையர்ஸ் கொக்டெயில்" என்ற பெயரோடு அது உலகம் சுற்றுகிறது. 2012-இல் லாஸ் வேகாஸில் குடித்து விழுந்தவர்களுக்கு ஏற்றிவிட ஒரு பஸ்ஸே விட்டார்கள். மையர்ஸின் நோயாளிகளுடைய ஏக்கம் எனக்கு அப்படியே புரிகிறது. வாயால் ஒரே நாளில் ஒரு கிராமுக்கு மேல் விட்டமின் சி விழுங்கினால் அதில் பாதியைக்கூடக் குடல் எடுத்துக்கொள்ளாது, நாளத்துக்குள் போனால் குடலின் தயவே வேண்டாம். மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும் என்பது உண்மைதான், விடுங்கள்.

சரி, ஒன்றையும் மறைக்கவில்லை. 2009-இல் அமெரிக்காவில் நாட்பட்ட தசைவலிக்காரர்கள் 34 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மையர்ஸ் கலவையும் மற்றப் பகுதிக்கு விட்டமின் இல்லாத வெறும் ரிங்கர் லாக்டேட் உப்புநீரும் வாராவாரம் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு பகுதிக்கும் சுகம் தெரிந்தது, இரண்டுக்குமிடையில் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. நல்ல சுகத்தோடு இருப்பவர்களுக்கு இதனால் பயன் உண்டு என்று காட்டும் வலுவான ஆய்வும் இல்லை. மருத்துவம் படித்த என் நண்பன் இதை வெற்றிப் புன்னகையோடு காட்டினான். நான் துள்ளிக் குதித்தேன்! வெறும் உப்புநீர் ஏற்றினாலே ஆளுக்குச் சுகமாம் மச்சான், இதைத்தானே எங்கள் ஒழுங்கை முழுக்க அன்றைக்கே சொன்னது! ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, பிரஷர் பார்த்து, "குளிருதா?" என்று கேட்டுப் போர்வை இழுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் போனால் யாருக்குத்தான் நன்றாக இராது? எனக்கு அதோடு விட்டமினும் கிடைத்தது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

சேலைன் ஏற்றிய அன்றைக்குப் பின்னேரம் தீவின் காட்டுப் பூங்காவின் பனிப் பாதையில் மச்சாளின் பிள்ளைகளோடு ஓடினேன். ஓடினேன்! இரவு கட்டையைப் போலத் தூங்கினேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், சிறுநீர் கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் போகும், பயப்படாதீர்கள், அது பி2. நான் அதற்கும் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

கோடையில் படகுத்துறை திறந்ததும் கம்பி பிடித்து ஓடும் படகில் ஆற்றின் அக்கரையான லவாலிலிருந்து இரண்டு கூட்டாளிகள் வருகிறார்கள், மூன்று சோபா, மூன்று பை, மச்சாள் சம்மதித்துவிட்டாள். நீங்களும் போவதென்றால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டு, தண்ணீர் நன்றாகக் குடித்து (நாளம் எழும்பி நிற்கும்), அரைக்கைச் சட்டையோடு போங்கள். முக்கியமாக, பை மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள், பாதியில் கம்பியைத் தள்ளிக்கொண்டு ஓடுவது அவ்வளவு அழகாக இருக்காது.