மார்கழிக்கு அப்புறம் ஆண்டாள்

தமிழ் சினிமாவுக்கு ஒரு காலத்தில் வசந்தம் என்றால் ஸ்விட்சர்லாந்து. நம்மூர் வசந்தம் வேண்டுமா? மாசியில் சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் பிடியுங்கள். மாமரங்கள் பூத்திருக்கும். கையில் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி இருக்கட்டும்.

திருப்பாவை 30 பாட்டும் மார்கழி புண்ணியத்தில் நமக்கு அத்துப்படி. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் ‘வாரணமாயிரம்’ தாண்டிப் புரட்டுகிறவர்கள் குறைவு. அதன் முதல் பத்துப் பாட்டைப் பாருங்கள். தை முழுக்கத் தரையைச் சுத்தம் செய்து, மாசியில் தெருவில் நுண்மணல் பரப்பி, முருக்கம்பூவால் காமனை வணங்கி, பங்குனியில் அவனைத் தெருவிலேயே எதிர்கொள்கிறாள் ஒரு பெண். ஆண்டாளிடம் வசந்தம் என்பது பெண்கள் பெருக்கி, கோலம் போட்டு வரவழைக்கிற சமாசாரம்.

தெரு ஜொலிக்கிறது, சரி. அவள்? அழுக்கேறிய உடம்பு, கலைந்த தலை, வெளுத்த உதடு, ஒருவேளைச் சாப்பாடு. ஊர் பூக்கப் பூக்க இவள் வாடுகிறாள். இந்த முரண்தான் கவிதை. குயிலையும் தென்றலையும் மட்டும் அடுக்குகிற நம் வசந்தக் கவிஞர்கள் கவனிக்க.

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணம். போகிறவர்கள், அதற்கு முன்னால் அந்தப் பத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். கல்யாணப் பெண் எத்தனை நாள் பட்டினி கிடந்தாள் என்று தெரிந்திருப்பது நல்லது.